மேல்வீட்டில் ஒரு வாரம்

இசில்மாவின் வீட்டில் கீழே குடும்பம் இருக்கிறது, மேலே கடல் இருக்கிறது. டொபேகோ தீவில், காஸ்டாராவில் சரிவில் கட்டிய வீடுகள் பலதும் அப்படித்தான். கீழ்வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு யூலினின் சீமைப்பலா மரமும் பாசி படிந்த ஒரு சுவரும்தான் கண்ணில் படும். படியேறி மேல்வீட்டு வராந்தாவுக்குப் போனால் விரிகுடா முழுக்கத் தெரியும். படகுகள், பாதாம் மரங்கள், பாறைமேல் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாக்கள், அதற்கப்பால் நீலம். அந்த நீலத்தை வாடகைக்கு விட்டுத்தான் இசில்மா பிழைக்கிறாள்.

இருபது வருடத்துக்கு மேலாக அவள் மேல்வீட்டுக்கு ஏறுவது துடைப்பமும் கையுமாகத்தான். பழைய விருந்தாளி காலை பத்து மணிக்குள் காலி செய்துவிட வேண்டும், புதிய விருந்தாளி மதியம் இரண்டு மணிக்குமேல் வரலாம். இது அவள் போட்ட சட்டம். நடுவில் இருக்கும் நேரத்தில் விரிப்புகளை உருவித் துவைத்துக் கொடியில் போட வேண்டும், மணலைக் கூட்ட வேண்டும், குளியலறையைத் தேய்க்க வேண்டும், யாரோ குளிர்ப்பெட்டியில் விட்டுப்போன பாதி எலுமிச்சையை எறிய வேண்டும். காய்ந்ததை மறுபடி விரித்து முடிப்பதற்கும் கீழே கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். கடல் இத்தனை நேரமும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் கிடக்கும். திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒழியாது.

ஆள் ஒல்லி, குரல் மட்டும் பருமன். மலைமேல் இருக்கும் தேவாலயத்தில் அவள் பாடினால் கரையில் வலை பின்னுகிறவர்கள் ஆமென் சொல்வார்கள். சும்மா இருப்பதே சுகம் என்று யாராவது அவளிடம் சொன்னால், சொன்னவருக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் கணவன் லின்டன் கரைவலைக்காரன். அவனுக்கு நேரெதிர் குணம். மீன் வரும்போது வரும் என்று படகின் நிழலில் படுத்துக்கிடப்பான். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

அவர்களுடைய மகள் ஷெனெலுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒன்று நடந்தது. ஆகஸ்ட் விடுமுறை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் கிடந்தார்கள். ஷெனெல் வீட்டு முற்றத்தில் ஈர விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநுனி இசில்மாவின் கையில். பெரிய விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம் முறுக்க, மற்றவள் அந்தப் பக்கம் முறுக்க வேண்டும். முறுக்கிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்.

"அம்மா, நாம எப்பம்மா மேல போவோம்?"

"தினமும்தானே போறோம், கூட்டுறதுக்கு."

"அப்படி இல்லம்மா. செருப்புப் போட்டுக்கிட்டு, பையத் தூக்கிக்கிட்டு."

இசில்மா சிரித்துவிட்டாள். தண்ணீர் சொட்டுகிறது, ஒழுங்காக முறுக்கு என்று சொல்லிவிட்டாள். பிள்ளையும் முறுக்கியது. அப்புறம் அதைப் பற்றி அந்தப் பெண் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இசில்மாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றுவிட்டது. மேல்வீட்டில் யாருடைய பிள்ளையாவது கெக்கலி கொட்டிச் சிரிக்கும்போதெல்லாம் அந்த முள் உறுத்தும்.

ஷெனெலுக்கு இப்போது இருபத்தெட்டு வயது. பக்கத்துத் தீவான ட்ரினிடாடில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். டொராண்டோவில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்ப வேண்டும். ஜூன் மாதம் போன் செய்து, போவதற்குமுன் ஒரு வாரம் எல்லோரோடும் கடற்கரையில் இருக்க வேண்டும் என்றாள். இசில்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாக்கியத்தில் மகள் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டாள்.

"வீட்டுக்கு வரலம்மா. கிரவுன் பாயின்ட் பக்கம் ஏதாவது ஹோட்டல்ல ரூம் போடுறேன். நீங்க எல்லாரும் அங்க வந்துடுங்க. வீட்ல இருந்தா நீ உக்கார மாட்டே. எனக்கு ஒரே ஒரு வாரம் நீ என் பக்கத்துல உக்காந்திருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

கடற்கரையில் வீடு இருக்கிறது, அதில் பிறந்த பெண் அறை வாடகைக்கு எடுக்கப் போகிறாள். அதுவும் தன் தாய் எழுந்து ஓடாமல் இருப்பதற்காக. இசில்மாவுக்கு அழுகை வந்தது. அழுதால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஹோட்டல் எதுக்குடி," என்றாள் கடைசியில். "மேல வா. பையத் தூக்கிக்கிட்டு வா. நாங்களும் வர்றோம்."

ஆகஸ்டிலா என்று ஷெனெல் மெல்லக் கேட்டாள். அடிமை விடுதலை நாள் வரும் வாரம் அது. கட்டிலுக்கடியில்கூட ஆள் படுக்கத் தயாராக வரும் வாரம். அந்த ஒரு வார வாடகையில்தான் இசில்மா வருடா வருடம் கூரைக்கு ஏதாவது செய்வாள். ஆகஸ்டில்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் வரவுசெலவு போட ஆரம்பித்தாள். ஒரு வாரச் செலவை விருந்தாளிகள் எப்படித் திட்டமிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. சில வெள்ளைக்காரர்கள் முட்டையை எண்ணிச் சாப்பிடுவார்கள், போகும்போது மிச்ச முட்டையைப் பரிசு மாதிரி நீட்டுவார்கள். ட்ரினிடாட்காரர்கள் டொபேகோவில் எல்லாம் விலை ஜாஸ்தி என்று உறைந்த கோழியிலிருந்து உப்புப் பொட்டலம் வரை கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், மிச்சம்பிடித்த காசை எல்லாம் மூன்றாம் நாளுக்குள் ரம்மில் கரைத்துவிடுவார்கள். கடலுக்கு நடுவே இருந்துகொண்டு கடலுக்குக் குடும்பத்தோடு போகத் திட்டம் போட்டது எங்கள் ஊரில் இவள் ஒருத்திதான்.

முதல் செலவு வாடகை. அதிலேயே லின்டனுக்குத் தலை சுற்றியது.

"யாரு குடுக்கிறது?"

"நான்."

"யாருக்கு?"

"எனக்கு."

லின்டன் எழுந்து உட்கார்ந்தான். "தெரிஞ்சவங்கதானே, பாத்துக் குறைச்சுக்கக் கூடாதா?" என்றான்.

குறைக்க முடியாது என்றாள். மேல்வீட்டுக் காசு போகும் பிஸ்கட் டப்பா வேறு, அவள் ரொட்டி விற்றுச் சேர்த்த காசு வேறு. ரொட்டிக் காசை எடுத்து, ஆகஸ்ட் விலை முழுசாக, பிஸ்கட் டப்பாவில் போட்டாள். கரை முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அவள் யோசித்தது வேறு. காசு கொடுக்காமல் மேலே போனால் அவள் வீட்டுக்காரிதான், ஒரு தட்டைக் கண்டால் எழுந்து கழுவிவிடுவாள். காசு கொடுத்தவள் எழுந்திருக்க மாட்டாள். தன்னைக் கட்டிப்போட அவளுக்குத் தெரிந்த கயிறு அது ஒன்றுதான்.

மற்றச் செலவுகளை அவள் கடற்கரை மண் அடுப்புக்கு முன்னால் நின்று, மாவு பிசைந்தபடி போட்டாள். உண்மையைச் சொன்னால் அது கணக்கே இல்லை, கனவு. தேங்காய் எத்தனை என்று ஆரம்பிப்பாள், உடனே தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சேம்பிலைக் கீரையும் நண்டும் மணக்கும், ஷெனெல் விரலைச் சப்பிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். இஞ்சித் தண்ணீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பாள், அதற்குள் சாயங்காலம் வந்துவிடும், நாலு பேரும் பேசாமல் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணக்கிலிருந்து கோழியை அடித்துவிட்டாள், லின்டன்தான் மீன் கொண்டுவருவானே. மகன் கெர்வினுக்குப் பீரைப் பாதியாக்கினாள், பிறகு எப்படியும் குடிக்கத்தான் போகிறான் என்று திரும்பச் சேர்த்தாள். கெர்வின் ஸ்கார்பரோவில் வேன் ஓட்டுகிறான், நல்ல பையன், தாகம் மட்டும் கொஞ்சம் அதிகம். அந்தக் கனவுகளிலெல்லாம் இசில்மா நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். யாரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை. ரொட்டி இரண்டு முறை கருகியது. ஊரில் அது பேச்சானது.

கணக்கில் இடித்தது ஒன்றே ஒன்று. அவள் உட்கார்ந்திருந்தால் சமைப்பது யார், துவைப்பது யார்? அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி, யூலினிடம் போய், ஒரு வாரத்துக்கு இவ்வளவு தருகிறேன், வருகிறாயா என்று கேட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் காசைவிட வேலையைத்தான் கைமாற்றாகக் கொடுப்போம். வீடு எழுப்புவதா, கிழங்கு நடுவதா, கல்யாணச் சமையலா, வந்து ஒரு கை கொடுப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படும் நாளில் அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் இருப்பவனைப் பார்த்துக் கடை நாய்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அயல்வீட்டுக்காரியிடம் போய்க் கூலி பேசுவது, நமக்குள் இனி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். இசில்மாவுக்கு இது தெரியாதா? தெரியும். இத்தனை வருடம் வெளியூர்க்காரர்களோடு விலை பேசிப் பேசி நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

யூலின் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உன் மேல்வீடு எழும்பினப்ப நான் கடற்கரையிலிருந்து மணல் சுமந்தேன். அதுக்கு எவ்வளவு தரணும்னு பாத்தியா? மொதல்ல அந்தக் கூலியக் குடு. அப்புறம் இதப் பேசலாம்."

அந்தச் சனிக்கிழமை அவள் இசில்மாவிடம் ரொட்டி வாங்கவில்லை. கடையில் போய், பிளாஸ்டிக் உறையில் வரும் ட்ரினிடாட் ரொட்டியை வாங்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி தெருவோடு நடந்து போனாள். இசில்மாவுக்கு உயிரே போய்விட்டது.

காசு கொடுப்பது சுலபம், கேட்பதுதான் கஷ்டம். யாருக்கும் பாக்கி இல்லாமல் வாழ்ந்துவிட்டேன் என்று இசில்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் அந்தக் கர்வத்தை விழுங்கிக்கொண்டு யூலின் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஷெனெல் எட்டு வயதில் கேட்ட கேள்வியை அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். சொல்லிவிட்டு, "ஒரு கை குடு, யூலின்," என்றாள்.

"இத மொதல்லயே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே," என்றாள் யூலின். "டிசம்பர்ல எனக்கு மரவள்ளி துருவ வந்துடு. விரல் ரெண்டு தேஞ்சாலும் நான் கேக்க மாட்டேன், பாத்துக்கோ."

வாரம் வந்தது. ஷெனெல் கப்பலில் வந்து இறங்கினாள், கெர்வின் வேனில் ஏற்றிவந்தான். இசில்மாவும் கீழ்வீட்டில் ஒரு பையை அடுக்கியிருந்தாள். நாலு கவுன், தேவாலயத்துச் சங்கீதப் புத்தகம், புதுச் செருப்பு. இரண்டு மணி ஆகும்வரை நாலு பேரும் முற்றத்தில் காத்திருந்தார்கள், சட்டம் என்றால் சட்டம்தானே. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேலே ஏறினார்கள். நீண்ட பிரயாணம், கால் வலிக்கிறது என்று நடுப்படியில் லின்டன் உட்கார்ந்துகொண்டான். மேலே யூலின் இடுப்பில் கைவைத்து நின்று, காலைக் கழுவாமல் உள்ளே வரக் கூடாது, ஈரத் துண்டைக் கட்டிலில் போடக் கூடாது என்று இசில்மாவின் பருத்த குரலிலேயே ஒப்பித்தாள். ஷெனெல் சிரித்த சிரிப்பில் பாறைமேலிருந்த கூழைக்கடாக்கள் கிளம்பிப் பறந்தன. அம்மாவின் கையில் இருந்த பையையும் காலில் இருந்த செருப்பையும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முதல் இரண்டு நாளும் இசில்மா பட்ட பாடு சொல்லி முடியாது. நாற்காலியில் முள் இருப்பது போல நெளிந்தாள். மேஜையில் வட்டமாகத் தண்ணீர்க் கறை தெரிந்தால் கவுன் நுனியால் துடைத்தாள். ஒரு கோப்பையைக் கழுவப் போய், யூலின் கரண்டியோடு துரத்தத் திரும்பி ஓடிவந்தாள். வாடகை கொடுத்திருக்கிறேன், வாடகை கொடுத்திருக்கிறேன் என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் அடங்கினாள். தாயும் மகளும் கரையில் பாதாம் மரத்தடியில் மணலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அலை வந்து குதிகாலைத் தொட்டுவிட்டுப் போனது. வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கனவில் வந்த சாயங்காலம் இதுதான் என்று இசில்மா நினைத்தாள்.

"அம்மா," என்றாள் ஷெனெல், "ஒண்ணு சொல்லணும். அப்பாகிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன். அங்க போனதுக்கப்புறம்..."

அப்போது சங்கு ஊதியது.

காஸ்டாராவில் சங்கு ஊதினால் வலை மீனை வளைத்துவிட்டது, கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று அர்த்தம். ஊரில் பிறந்த யாருக்கும் அதைக் கேட்டு உட்கார்ந்திருக்கத் தெரியாது. பாதி சவரத்தோடு ஓடி வருவார்கள், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள். இசில்மாவின் கால் அவளைக் கேட்கவில்லை. மகள் பேச்சின் நடுவில் இருக்கிறாள் என்று மூளைக்கு எட்டியபோது அவள் கையில் கயிறு இருந்தது, வாயில் பாட்டு இருந்தது, குதிகால் மணலில் புதைந்திருந்தது. நல்ல மீன்பாடு அன்றைக்கு. பாரை மீன் வெள்ளியாகத் துள்ளியது. கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. தன் பங்கை ஓலையில் கோத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினாள்.

மரத்தடியில் யாரும் இல்லை. மேலே ஷெனெலின் அறைக்கதவு சாத்தியிருந்தது. செதில் ஒட்டிய கையோடு இசில்மா கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டத் தைரியம் வரவில்லை.

லின்டன் படியேறி வந்தான். மீனைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "ஆள் இருந்தாங்க இசில்மா," என்றான் மெதுவாக. "நீ இல்லாட்டியும் வலை வந்திருக்கும்."

வாடகை கொடுத்தும், யூலினிடம் தலை குனிந்தும், ரொட்டியைக் கருக்கியும் அவள் வாங்கிய வாரம் அது. அதில் மகள் கேட்ட ஒரே ஒரு பொருளை அவளால் கொடுக்க முடியவில்லை. மீனைக் கீழே கொண்டுபோய் யூலினிடம் கொடுத்துவிட்டு, கீழ்வீட்டு ஜன்னலில் அந்தப் பாசிச் சுவரைப் பார்த்தபடி நின்று அழுதாள்.

மறுநாள் படகுப் பயணம் போட்டிருந்தாள். லின்டனின் சித்தப்பா மகன் படகு, எண்ணெய்க் காசு மட்டும் கேட்டான். பவளப்பாறைக்கு அப்பால், கரையே எட்டாத தூரத்தில், நடுக்கடலில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு வெள்ளை மணல்திட்டு உண்டு. நைலான் குளம் என்பார்கள். கண்ணாடி போன்ற தண்ணீர். அதில் ஒரு முழுக்குப் போட்டால் பத்து வயது குறையும் என்று படகோட்டிகள் ஆண்டாண்டு காலமாக ஆள் ஏற்றுகிறார்கள். இசில்மா எத்தனையோ விருந்தாளிகளை அங்கே அனுப்பியிருக்கிறாள், எந்தப் படகு நல்லது, என்ன விலை என்று சொல்லியிருக்கிறாள். அவள் போனது இதுதான் முதல் தடவை.

லின்டனும் கெர்வினும் படகின் நிழலிலேயே படுத்துவிட்டார்கள். தாயும் மகளும் தண்ணீரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நாலாபக்கமும் பச்சையும் நீலமும்தான். காலுக்கடியில் மணல் மாவு போல மெத்தென்றிருந்தது. தண்ணீர் எது, வெளிச்சம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து ஷெனெல் அவளிடம் நாலு வார்த்தைக்குமேல் பேசவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள்.

"பதினெட்டு," என்றாள் இசில்மா.

ஷெனெலின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"இன்னொண்ணு போடு."

"எதுக்கு?"

"போடேன்."

ஷெனெல் மூழ்கி எழுந்தாள். முகத்தில் தண்ணீர் வழிய, முடி நெற்றியில் ஒட்ட நின்றாள். இசில்மா அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப உனக்கு எட்டு," என்றாள். "எப்ப மேல போவோம்னு கேட்டியே. போகணும்தாண்டி. அன்னிக்கே போயிருக்கணும். நான் சிரிச்சிருக்கக் கூடாது."

ஷெனெல் அவளையே பார்த்தாள். மறந்திருப்பாள் என்றுதான் இசில்மா நினைத்திருந்தாள். மறக்கவில்லை. இரண்டு பேரும் அந்தக் கண்ணாடித் தண்ணீரில் நின்று அழுதார்கள். பிறகு ஷெனெல், நேற்று சொல்ல வந்ததைச் சொன்னாள். இரண்டு வருட ஒப்பந்தம், முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொன்னது பொய். அங்கேயே தங்குவதற்கான காகிதங்களுக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். வருவாள், ஆனால் விருந்தாளியாகத்தான் வருவாள்.

இசில்மாவின் கைகள் தண்ணீருக்குள் எதையோ தேடின. வீட்டில் இருந்திருந்தால் மேஜையைத் துடைத்திருப்பாள், எதையாவது மடித்திருப்பாள், உலையில் என்ன வைத்தேன் என்று எழுந்து போயிருப்பாள். இத்தனை வருடமும் கேட்க முடியாத பேச்சு வந்தபோதெல்லாம் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறாள் என்பது அவளுக்கு அந்த இடத்தில் தெரிந்தது. இங்கே கழுவ ஒரு கோப்பை இல்லை, பிடிக்க ஒரு கயிறு இல்லை. நின்று கேட்டாள். முழுசாகக் கேட்டாள். அவள் நெஞ்சு உடைந்தது, கால் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

"அங்க ரொம்பக் குளிருமாமே," என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"போ. நல்லா இரு."

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் இசில்மாவால் சரியாகச் சொல்ல முடியாது. மழை வந்தது, வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். மழை போனது, அதையும் பார்த்தார்கள். யூலின் சுட்ட ரொட்டி கீழேயிருந்து மணந்தது, தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று இசில்மாவே ஒத்துக்கொண்டாள். ஷெனெல் தாயின் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஒருநாள் மறுபடி சங்கு ஊதியது. இசில்மாவின் குதிகால் துடித்தது. மகளின் தலை மடியில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வலை அவள் இல்லாமலே வந்தது.

கடைசி நாள் விடிகாலையில் ஷெனெல் கிளம்பிவிட்டாள். முதல் கப்பலைப் பிடிக்க வேண்டும். வேன் வளைவு திரும்பி மறையும்வரை இசில்மா சாலையில் நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து புதுச் செருப்பைக் கழற்றி வைத்தாள், துடைப்பத்தை எடுத்தாள். மதியம் இரண்டு மணிக்கு ட்ரினிடாடிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. படியேறும்போது ஒவ்வொரு படியும் கனத்தது.

மேலே தரை கூட்டியிருந்தது. குளியலறை பளபளத்தது. குளிர்ப்பெட்டியில் பாதி எலுமிச்சைகூட இல்லை. கட்டில்கள் வெறும் மெத்தையாகக் கிடந்தன. அவள் வராந்தாவுக்குப் போனாள். பின்முற்றத்துக் கொடியில் எல்லா விரிப்புகளும் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசி இரவு மேலே தனியாகப் படுக்கிறேன் என்று ஷெனெல் எல்லோரையும் கீழே அனுப்பியது இதற்குத்தான். எல்லோரும் தூங்கும்போது எழுந்து செய்திருக்கிறாள். ஒருத்தியாகவே பிழிந்திருக்கிறாள். சரியாகப் பிழிபடாமல் நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இசில்மாவின் கை தானாக நீண்டது. இறங்கிப் போய் எடுத்து இன்னொரு தரம் பிழியலாம். பிறகு கையை மடக்கிக்கொண்டாள். வெயில் ஏறுகிறது, இரண்டு மணிக்குள் காய்ந்துவிடும். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விருந்தாளிகளுக்கு நடுவிலான அந்த இடைவேளையில், அந்த வராந்தாவில், அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பத்து மணிக்குமேல் லின்டன் வந்து எட்டிப் பார்த்தான். "வாரம் முடிஞ்சுது. ரூமக் காலி பண்ணும்மா."

"ரெண்டு மணி வரைக்கும் இடம் என்னோடது."

அவன் கொடியைப் பார்த்தான். சொட்டும் நுனிகளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. படியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷம் இல்லயாம்," என்றாள் இசில்மா.

"தெரியும். எங்கிட்டச் சொல்லும்போது அவ என் கண்ணப் பாக்கல."

இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். கப்பல் இந்நேரம் ட்ரினிடாடுக்குப் பாதி வழி போயிருக்கும்.

"ஒரு கை வாங்கிட்டியே அவகிட்ட," என்றான் லின்டன். "திருப்பணுமே. டிசம்பர்ல யூலினுக்கு மரவள்ளி துருவிடுவே. இத எங்க, டொராண்டோ போயா குடுப்பே?"

இசில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ட்ரினிடாடைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. பிஸ்கட் டப்பாவில் அவள் தனக்கே கொடுத்த வாடகை முழுசாக இருக்கிறது, கூரை இன்னொரு மழைக்காலம் தாங்கும்.

"கணக்குப் போடணும்," என்றாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.